யார் வாசித்துக் காட்டுவது? தோட்டத்துப் பிள்ளைகளும் வாசிக்கும் கருவிகளும்

நம்ம தோட்டங்களில் வாசிப்பு முதலில் காதால்தான் நடந்தது. இந்தியாவில் இருந்து கடிதம் வந்தால், லயத்தில் இருந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போனார்கள். அது கங்காணியாக இருக்கலாம், தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருக்கலாம். அவர் வாசிப்பார், குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்கும். கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தித் தொழிலாளர் உரிமை பேசியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதே விஷயங்களைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத்துத் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு அரசியல் போய்ச் சேர அதுதான் வழி. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் கூட அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தன. ஆகவே காதால் வாசிப்பது தரம் குறைந்த வாசிப்பு என்று யாராவது சொன்னால், மலையகத்துப் பிள்ளைகளான நமக்கு அதை நம்பக் காரணமே இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. மற்றவர் வாசித்துக் காட்டினால், எதை வாசிப்பது, எதை விடுவது, எப்போது வாசிப்பது என்பதெல்லாம் அவர் கையில். அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், அவர் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் அடைத்தால்தான் ஆளை எடுக்கலாம். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அதுவரைக்கும், தன் வாழ்க்கையையே தீர்மானிக்கிற ஒரு காகிதத்தைத் தானே வாசிக்க முடியாமல் எத்தனை பேர் கையில் வைத்துக்கொண்டு நடந்திருப்பார்கள் என்று யோசிச்சுப் பாருங்க.

இன்றைக்குக் கெம்பஸ் போகிற, பார்வை இல்லாத ஒரு மாணவரின் நிலையும் இதற்கு ரொம்பத் தூரம் இல்லை. லெக்சரர் கொடுத்த நோட்ஸை ரூமில் இருக்கிற நண்பர் வாசித்துக் காட்ட வேண்டும். நண்பருக்கும் எக்ஸாம் என்றால் வாசிப்பு நின்றுவிடும். "இது அவ்வளவு முக்கியமில்ல மச்சான்" என்று நண்பர் தாண்டிவிட்ட பந்தியில்தான் கேள்வி வரும். கடந்த 200 வருஷமாக வந்த வாசிப்புக் கருவிகள் எல்லாமே இந்தத் தங்கியிருப்பதில் இருந்து வெளியே வருவதற்கான முயற்சிகள்தான். அந்த வரலாறு இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் எப்படி வந்தது, எங்கே வந்து நின்றுவிட்டது என்று பார்ப்போம்.

புள்ளிகள்

லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் கூப்வ்ரே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். 3 வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்துகிற ஊசி கண்ணில் பட்டு, கொஞ்ச நாளில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பிறகு பாரிசில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துகளையே மேலே எழும்பிய மாதிரி அழுத்தி அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். வாசிக்க ரொம்ப நேரம் எடுக்கும். எழுதவோ வழியே இல்லை.

சார்ல்ஸ் பார்பியே என்ற இராணுவ அதிகாரி 12 புள்ளிகளை வைத்து ஒரு எழுத்து முறை செய்திருந்தார். அதை 6 புள்ளியாகக் குறைத்து, ஒரு விரல் நுனிக்குள் அடங்குகிற மாதிரி 1824இல் மாற்றியபோது பிரெயிலுக்கு 15 வயது. 6 புள்ளிகளைப் போட்டும் விட்டும் 63 வடிவங்கள் செய்யலாம். தாளைச் சட்டத்தில் மாட்டி, பின்பக்கத்தில் இருந்து வலமிருந்து இடமாகக் குத்தினால், திருப்பும்போது இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஆக முதல் தடவையாகப் பார்வை இல்லாதவர்கள் தாங்களே எழுதி, தாங்களே வாசிக்கிற எழுத்து கிடைத்தது. பார்வை உள்ள ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பிரான்ஸ் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். பிரெயில் 1852இலேயே இறந்துவிட்டார்.

தமிழுக்கு இந்தப் புள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தன. திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, பிரெயிலைத் தமிழுக்கு ஏற்ற மாதிரி அமைத்தார். நம்ம முன்னோர்கள் அதே தென் தமிழகத்தில் இருந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு இந்தியாவில் மொழிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று பல பிரெயில் முறைகள் வந்து குழப்பமாகி, 1951இல்தான் யுனெஸ்கோவின் உதவியோடு பாரதி பிரெயில் என்ற பொது முறை வந்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள் என்பது இதன் அடிப்படை. தமிழின் 247 எழுத்துக்கும் 247 வடிவம் தேவைப்படவில்லை. 'கி' என்றால் 'க'-வைப் போட்டு, பக்கத்தில் 'இ'-யைப் போட்டால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கள பிரெயிலும் இதே குடும்பம்தான். சிங்களக் 'க'-வும் தமிழ்க் 'க'-வும் விரலுக்கு ஒரே இரண்டு புள்ளிகள்.

இலங்கையில் 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கில மிஷனரிப் பெண் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். இரத்மலானையில் அது இன்றும் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1950களில் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. மட்டக்களப்பில் தரிசனம் இருக்கிறது. நம்ம மாகாணத்திலேயே, பலாங்கொடையில், யசோதரா பாடசாலை இருக்கிறது. ஆனால் அங்கே படிப்பு சிங்களத்தில்.

இதை ஒரு குடும்பத்தின் பக்கத்தில் இருந்து பாருங்க. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு தோட்டத்தில் பார்வை இல்லாத பிள்ளை பிறக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார், அப்பா பால் வெட்டப் போகிறார். பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் பிள்ளையின் மொழி இல்லை. பிள்ளையின் மொழி இருக்கிற பாடசாலை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, யாழ்ப்பாணத்தில். பஸ் காசும் நாட்சம்பளமும் ஒரு பக்கம் இருக்கட்டும், 1983க்குப் பிறகு அந்த வழியே பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்தது. ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2009இல்தான் மீண்டும் திறந்தது. ஒரு பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போய் ஏ.எல். முடிக்கிற காலத்தை விட இரண்டு மடங்கு நீளமான போர் அது. நம்ம பக்கத்துப் பார்வையற்ற பிள்ளைகள் எத்தனை பேர் எழுத்தே படிக்காமல் வளர்ந்தார்கள் என்பதற்குக் காரணம் தேடினால், கண்ணை விட இந்தத் தூரமும் மொழியும்தான் முதலில் தெரியும்.

குரல்

பிரெயில் புத்தகம் தடியானது. கையில் அடங்குகிற ஒரு அச்சுப் புத்தகம் பிரெயிலில் பல பெரிய தொகுதிகளாகிவிடும். பெரிய வயதில் பார்வை போனவர்களுக்குப் புள்ளி பழகுவதும் கஷ்டம். முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களை வைத்துத்தான் இந்தப் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு வந்த பதில் 'பேசும் புத்தகம்'. அமெரிக்காவில் 1934இலும் பிரித்தானியாவில் 1935இலும் இசைத்தட்டில் முழுப் புத்தகங்களையும் வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பிறகு கெசட் வந்தது, சீடி வந்தது. 1996இல் டெய்சி கூட்டமைப்பு உருவாகி, ஒலிப்புத்தகத்திலேயே அத்தியாயம், பக்கம் என்று தாண்டிப் போகிற முறை பொதுவானது. பாடப்புத்தகம் படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 'பக்கம் 84ஐப் பாருங்கள்' என்று லெக்சரர் சொன்னால் கெசட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு மனிதர் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். மனிதர் இல்லாமல் வாசிக்கிற இயந்திரம் 1976 ஜனவரி 13ஆம் திகதி அமெரிக்காவில் அறிமுகமானது. ரே கேர்ஸ்வைல் செய்த அந்த இயந்திரத்தின் கண்ணாடி மேல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தால், எழுத்தை அடையாளம் கண்டு, குரலில் வாசிக்கும். பாடகர் ஸ்டீவி வொண்டர் ஆரம்பத்திலேயே ஒன்று வாங்கினார். அப்படிப்பட்டவர்கள்தான் வாங்கக்கூடிய விலை. பிறகு கணினித் திரையில் இருப்பதை வாசிக்கிற மென்பொருட்கள் வந்தன. 1989இல் வந்த ஜாஸ் ரொம்பப் பேர் பெற்றது. அதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஒரு தோட்டக் குடும்பத்துக்கு எட்டாதது.

2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் இலவசமாக ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சின்ன வயதில் ஒரு இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் சேர்ந்துகொண்டார். அதுதான் என்.வி.டி.ஏ. யாரும் இறக்கிக்கொள்ளலாம், காசு இல்லை. அதோடு வருகிற இ-ஸ்பீக் என்ற குரலுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும். தமிழ் வாசிப்பது கணினிக்கு லேசான வேலை இல்லை. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க'-தான், ஆனால் மூன்றும் ஒரே ஒலி இல்லை. இடம் பார்த்து ஒலியை மாற்றுகிற விதிகளை யாராவது உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்களத்துக்கு அந்த மாதிரி வேலையைக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி செய்தது.

2009இல் ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் திரைவாசிப்பான் உள்ளேயே வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சாதாரண அண்ட்ரொய்ட் போனில் 'டோக்பெக்' இருக்கிறது, தமிழ்க் குரல் இருக்கிறது, கமராவைக் காட்டினால் அச்செழுத்தை வாசிக்கிற வசதியும் இருக்கிறது. 1976இல் ஒரு பெரிய இயந்திரம் செய்ததை இப்போது ரீலோட் போடுகிற போன் செய்கிறது. பழகியவர்கள் குரலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற நமக்கு ஒன்றும் புரியாது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். தீரவில்லை. காரணம் நம்ம டைப்பிங்கில் இருக்கிறது.

'ஜே கே பி ஓ செமிகோலன்'

டியூஷன் நோட்ஸ், பாஸ்ட் பேப்பர், கெம்பஸ் ஹேண்ட்அவுட் எதையாவது எடுத்துப் பாருங்க. இலங்கையில் தமிழில் டைப் பண்ணியவற்றில் பெரிய பங்கு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினி உண்மையில் ஒரு முகமூடி. கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் உருவத்தை எழுத்துரு வரைந்து காட்டுகிறது. கண்ணுக்குத் தமிழ் தெரியும். திரைவாசிப்பானுக்கு உருவம் தெரியாது, உள்ளே இருக்கிற குறியீடு மட்டும்தான் தெரியும். ஆகவே பாமினியில் 'தமிழ்' என்று அடித்த சொல்லை அது 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று வாசிக்கும். 40 பக்க நோட்ஸ் முழுக்க இப்படியே ஓடும்.

இதற்குத் தீர்வு 1991இலேயே வந்துவிட்டது. அந்த வருஷம் வெளியான யுனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருக்கிறது. உதாரணமாக 'த'-வின் எண் 2980. உலகத்தில் எந்தக் கணினியிலும் அந்த எண் 'த'-தான், வேறு எழுத்தாக முடியாது. இலங்கையும் 2008இல் தமிழுக்கான தரநிலையை யுனிகோட் வழியில் வெளியிட்டது. ஆனாலும் டைப்செட்டிங் கடையிலும் பாடசாலை ஒபிசிலும் கை பழகிய பாமினியே தொடர்கிறது. அடிக்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். யாராவது அதைக் காதால் வாசிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு அந்த வேலைக்குள் எங்கேயும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாமினிக் கோப்பை நேரடியாகக் கொடுத்தால் போன் குளறும். அதையே பிரிண்ட் எடுத்துக் கமராவில் காட்டினால் ஒழுங்காக வாசிக்கும். கமரா உருவத்தைப் பார்ப்பதால்தான் அப்படி. ஆனால் அந்தப் பிரிண்ட் தெளிவாக இருக்க வேண்டும். போட்டோகொப்பிக்குப் போட்டோகொப்பி எடுத்து, ஓரம் கறுத்து, நடுவில் மங்கிப்போன பாஸ்ட் பேப்பரை எந்தக் கருவியும் சரியாக வாசிக்காது. தோட்டத்துப் பாடசாலைகளில் கைமாறுவது பெரும்பாலும் அந்த மாதிரித் தாள்கள்தான். வட்ஸ்அப்பில் வருகிற கையெழுத்து நோட்ஸ் படமும் அதே கதை. பொருளியல் வரைபு, புவியியல் படம், கணக்குச் சமன்பாடு இவற்றுக்குப் பக்கத்தில் யாராவது இரண்டு வரி விளக்கம் எழுதினால்தான் உண்டு. பார்வையற்ற மாணவர்கள் பெரும்பாலும் கலைப்பிரிவுக்கே போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு தமிழ் முயற்சிகளை ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் விளங்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்த ஆர்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாக டைப் பண்ணினார்கள். பிறகு அவற்றை யுனிகோடுக்கும் மாற்றினார்கள். ஆகவே திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் இன்று எந்தத் திரைவாசிப்பானும் வாசிக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் அழியாமல் காப்பாற்றியது, நமக்கெல்லாம் அது பெரிய சொத்து. ஆனால் ஸ்கேன் பண்ணிய பக்கம் என்பது படம்தான். அதை எழுத்தாக மாற்றினால்தான் காதுக்கு வரும். மலையக வரலாற்றில் பட்டப்படிப்பு ஆய்வு செய்ய நினைக்கிற பார்வையற்ற மாணவருக்கு, சங்க இலக்கியத்தை விட 50 வருஷத்துக்கு முந்தைய தோட்டப் பத்திரிகை எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கூடுதல் நேரம் சலுகையா?

கருவி ஒரு பாதி. மறுபாதி பரீட்சை, வகுப்பு, நூலகம் இவற்றில் செய்து தர வேண்டிய ஏற்பாடுகள். கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், வாசித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதிக் கொடுப்பவர் என்று பல வகை. பரீட்சைத் திணைக்களம் ஓ.எல்., ஏ.எல். இரண்டிலும் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலிலும் விசேட ஏற்பாடு இருக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும். "அவங்களுக்கு மட்டும் கூட நேரம் குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?" கேட்கக்கூடிய கேள்விதான். வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்க. சொல்லி எழுதவைக்கிற மாணவர் ஒரு பந்தியையே தலைக்குள் அமைத்து, வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி, எழுதுகிறவர் முடிக்கும்வரை அடுத்ததை நினைவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். தான் எழுதியதை ஒருமுறை பார்த்துத் திருத்த முடியாது, வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வினாவைத் திரும்பப் பார்க்கவும் அதே வேலை. 3 மணித்தியாலத்தில் நிறைய நேரம் பாடத்துக்கு வெளியே போய்விடும். கூடுதலாகக் கொடுக்கிற நேரம் இந்த இழப்பை ஈடு செய்வதற்கு.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதியதும் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் பல கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அந்த 16இல் இரத்தினபுரியும் ஒன்று. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எடுத்த புள்ளியும் கொழும்பில் எடுத்த புள்ளியும் ஒரே உழைப்பில் வந்தவை இல்லை என்று நாடு ஒத்துக்கொண்டதன் அர்த்தம்தான் அது. அதனால் பயன்பெற்ற அண்ணன் அக்காமார் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்! அதை உரிமை என்று சொல்கிற நாம், பார்வையற்ற மாணவரின் கூடுதல் நேரத்தைச் சலுகை என்று எப்படிச் சொல்வது?

அதே கோட்டாவில் ஒரு பாடமும் இருக்கிறது. கேகாலை அந்த 16இல் இல்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்து லயத்துப் பிள்ளையும் கேகாலை டவுனில் பெரிய பாடசாலையில் படிக்கிற பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில்தான் நிற்கிறார்கள். கூட்டமாக அளந்தால் தனி ஆளின் நிலைமை இப்படி மறைந்துபோகும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உரிமையில் உலகம் இதைக் கவனித்துத்தான் 'நியாயமான ஏற்பாடு' என்ற கருத்துக்கு வந்தது. இந்த ஆளுக்கு, இந்தப் பாடத்தில், என்ன தேவை என்று தனித்தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் பிரெயில் தேவைப்படலாம். ஏ.எல். படிக்கும்போது பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்தே போதும். டிஸ்லெக்சியா உள்ளவருக்குக் கண் நல்லாத்தான் இருக்கும், வாசித்துக் காட்டுகிற குரல்தான் தேவை. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். 'மக்கு' என்று பெயர் வாங்கி ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகள் நம்ம தோட்டங்களில் எத்தனை பேர்? அவர்களில் யாரையாவது யாராவது பரிசோதித்துப் பார்த்தார்களா?

இந்த உரிமை எங்கேயும் தானாக வரவில்லை. அமெரிக்காவில் அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்று 1973இல் சட்டம் வந்தது. அதை அமுல்படுத்தும் விதிகளில் நாலு வருஷமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். 3 வாரத்துக்கும் மேல் வெளியே வரவில்லை. பிளாக் பாந்தர் கட்சியினர் அவர்களுக்குச் சமைத்த சாப்பாடு கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரைக் காலத்தில் தோட்டங்களில் கூட்டாகச் சமைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். ஏப்ரல் 28இல் விதிகளில் கையெழுத்தானது. இந்தியாவில் 2021இல், எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற நோயுள்ள விகாஷ் குமார் என்பவரின் வழக்கில், எழுதிக் கொடுப்பவரைக் கேட்கும் உரிமை சட்டம் வரையறுத்த 'பெஞ்ச்மார்க்' அளவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் மாற்றுத்திறனாளிக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நடுவில் 9 வருஷம். அந்தச் சாசனத்தின் 24ஆம் பிரிவு பல்கலைக்கழகப் படிப்பிலும் நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. 2024இல், பார்வையற்ற பட்டதாரிகளின் அமைப்பில் இருந்து வந்த சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்றத்துக்குப் போனார். அந்தச் சபைக்குப் போன முதல் பார்வையற்றவர் அவர்.

சட்டம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்க விண்ணப்பம் வேண்டும், வைத்தியச் சான்றிதழ் வேண்டும், அதிபரின் கையெழுத்து வேண்டும், திகதிக்குள் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முதலில், இப்படி ஒன்று கேட்கலாம் என்று வீட்டுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் பேர் போடாவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடுகிற வீட்டில், கிளினிக்குக்கு மூன்று நாள் அலைவது லேசான காரியம் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புத்தகங்கள்

தமிழுக்கு மட்டும் விசேடமாக முக்கியமான ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. 2013இல் மொரோக்கோவின் மராகேஷ் நகரத்தில் நிறைவேறியது. அதுவரை, ஒரு புத்தகத்தைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்ற வேண்டும் என்றால் பல நாடுகளில் பதிப்புரிமைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு நாட்டில் மாற்றியதை இன்னொரு நாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மராகேஷ் ஒப்பந்தம் இரண்டையும் தளர்த்தியது. பார்வையற்றவர்களோடு டிஸ்லெக்சியா போன்ற காரணத்தால் வாசிக்க முடியாதவர்களும், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களும் இதில் அடக்கம். முதலில் ஏற்று உறுதிப்படுத்திய நாடு இந்தியா, 2014இல். இலங்கை 2016இல் சேர்ந்தது.

தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் அச்சாகிறது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலய' என்ற இணைய நூலகத்தில், வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய தமிழ் நூல்களும் இருக்கின்றன. சிங்களத்தில் ஒரு புத்தகத்தை மாற்ற வேண்டும் என்றால் அது இந்த நாட்டுக்குள்ளேதான் நடக்க வேண்டும். தமிழில் ஒருவர் சென்னையில் செய்த வேலையை நாம் இரத்தினபுரியில் பயன்படுத்த இப்போது சர்வதேசச் சட்டத்தில் வழி திறந்திருக்கிறது. ஆனால் அது அமைப்புகள் வழியாக நடக்க வேண்டிய பரிமாற்றம். கேட்கிற நூலகமும் கேட்கிற மாணவர் சங்கமும் இங்கே இருக்க வேண்டும். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் 1995இல் இருந்து இருக்கிறது, நம்ம பிள்ளைகளும் போகிறார்கள். அந்த நூலகத்தில் போய் இதைக் கேட்பது நம்மால் முடியாத காரியமா?

இப்ப நம்ம கையில் இருப்பது

கருவி வந்தால் மட்டும் போதாது என்பது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரெயில் வந்தது, நம்ம மொழியில் சொல்லித் தரும் பாடசாலை 400 கிலோமீட்டர் தள்ளி நின்றது. திரைவாசிப்பான் இலவசமாக வந்தது, நம்ம நோட்ஸ் பாமினியில் இருந்தது. சட்டம் வந்தது, விண்ணப்பம் தோட்டத்துக்கு வரவில்லை. மூன்று தடவையும் விடுபட்ட இடத்தில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்திருக்கக்கூடிய வேலைதான்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை. நோட்ஸ் டைப் பண்ணுகிறவர்கள் யுனிகோடில் அடிக்கலாம். பழைய பாமினிக் கோப்பு இருந்தால் இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒரு பாடத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். பாஸ்ட் பேப்பரை ஸ்கேன் பண்ணும்போது மூலப்பிரதியில் இருந்து எடுக்கலாம், கொப்பியில் இருந்து எடுக்க வேண்டாம். வரைபு போட்டால் கீழே இரண்டு வரியில் அது என்ன சொல்கிறது என்று எழுதலாம். உங்கள் தோட்டத்தில் ஓ.எல்., ஏ.எல். எழுதப் போகிற பார்வைக் குறைபாடுள்ள தம்பி தங்கை இருந்தால், பரீட்சை விண்ணப்பம் போடுகிற காலத்திலேயே அதிபரிடம் போய் விசேட ஏற்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். பரீட்சை கிட்ட வந்த பிறகு கேட்டால் பிந்திவிடும். அவர்கள் போனில் டோக்பெக்கைத் திறந்து, தமிழ்க் குரலைப் போட்டுக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் கையோடு கை வைத்துப் பழக்க வேண்டியிருக்கும். பிறகு வேகத்தை அவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

நம்ம கூட்டாக இருக்கிற குழுக்களில் ஏ.எல். தமிழும் வரலாறும் அரசியலும் பொருளியலும் நோட்ஸாக ஏற்கெனவே கிடக்கின்றன. யாரிடம் என்ன பாடம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டால், அடுத்த பரீட்சைக்கு முன்னால் ஒரு பாடத்தையாவது முழுக்க மாற்றி முடிக்கலாம். வரலாற்றில் இருந்து தொடங்குவோம்.